கேஸ் புத்தகத்தில் இருந்த கொள்ளுப்பாட்டி

கையில் நாலைந்து ஜெராக்ஸ் தாள்களோடு ஒரு பெண் வந்தார். தனக்கு ஒன்றுமில்லை என்றார். "டாக்டர், எங்க வம்சத்துல இது இருக்கு. நான் குழந்தை பெத்துக்கலாமா?"

தாள்கள் அவருடைய கொள்ளுப்பாட்டியின் கேஸ் புத்தகப் பக்கங்கள், அதாவது மனநோய்க் காப்பகத்தில் அவரைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பிரசவத்தில் 31 வயதில் போய்விட்டார் என்றுதான் வீட்டில் சொல்லிவந்திருக்கிறார்கள். அவர் இறந்ததாகச் சொன்ன வருடம், உண்மையில் மனநோய்க் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட வருடம். அதற்குப் பிறகு 19 ஆண்டுகள் அங்கே உயிரோடு இருந்திருக்கிறார்.

நோயின் பெயர் இருந்த இடத்தில் 'எபிலெப்டிக் மேனியா', அதாவது வலிப்போடு வரும் மனக்கொந்தளிப்பு. இவர் 'மேனியா'வை மட்டும் படித்துவிட்டு ஒரு வாரமாகத் தூங்கவில்லை. அதன் கீழே இருந்ததை நான் படித்தேன். வாரத்தில் இரண்டு மூன்று தடவை ராத்திரியில் வலிப்பு. நாக்கைக் கடித்திருக்கிறார். வலிப்புக்குக் கொடுத்த புரோமைடு மருந்தின் அளவு கூட்டப்பட்டது. அடுத்த மாதம் எந்நேரமும் தூக்கம், முகமெல்லாம் பரு, பேச்சில் குழப்பம். புரோமைடு உடம்பில் சேர்ந்துபோனால் வருவது இதெல்லாம். மருந்து செய்த குழப்பமும் நோயின் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. வலிப்புக்குப் புரோமைடு வேலை செய்யும் என்று 1857-இல் தெரிந்தது. அடுத்த நல்ல மருந்தான பினோபார்பிட்டால் 1912-இல்தான் வந்தது. இடையில் இருந்தவர்களுக்கு வேறு வழியில்லை.

காப்பகம் என்றாலே மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று நினைத்துவிடுகிறோம். பழைய வார்டுகளில் இருந்தவர்களில் பலருக்கு இன்று மனநல மருத்துவரான என்னிடம் வரவேண்டிய அவசியமே இருக்காது. 'ஜெனரல் பராலிசிஸ்' என்று எழுதியிருந்தால் அது மேகநோய் (சிபிலிஸ்) மூளைவரை போன நிலை. 1913-இல் நொகுச்சி, மூர் என்ற இரு ஆய்வாளர்கள் இறந்த நோயாளிகளின் மூளையிலேயே அந்தக் கிருமியைக் கண்டார்கள். பென்சிலின் வந்தபின் அந்த வார்டுகள் காலியாயின. 'ப்யூர்பெரல்' என்று தொடங்கினால் பிரசவத்தை ஒட்டி வந்த நோய். தைராய்டு குறைவு, நியாசின் சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா, இரண்டும் புத்தியைக் கலக்கும். 'மேனியா' என்ற சொல்லையோ, எந்தக் கொந்தளிப்புக்கும் தாராளமாகப் போட்டார்கள். அதனால் நோயின் பெயரை விட்டுவிட்டு, தினமும் என்ன நடந்தது என்று நர்ஸோ டாக்டரோ குறித்ததைப் படியுங்கள்.

இன்னொரு பத்தி இவரை அதிகம் பயமுறுத்தியிருந்தது. காரணம் என்ற இடத்தில் 'பரம்பரை'. அந்தக் காலத்தில் குடும்பம் தலைமுறைக்குத் தலைமுறை சீரழிகிறது என்ற கருத்து மருத்துவர்களிடையே வேரூன்றியிருந்தது. தூரத்துச் சித்தப்பா ஒருவர் கொஞ்சம் ஒருமாதிரி என்று யாராவது சொன்னாலே போதும், எழுதிவிடுவார்கள். மனச்சிதைவே இருந்திருந்தாலும்கூட, பொதுவாக அது 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 100-க்குப் பத்தை ஒட்டி வரும். கொள்ளுப்பாட்டியோடு நமக்குள்ள மரபணுப் பங்கு எட்டில் ஒன்று. அங்கே அபாயம் மற்றவர்களுக்கு இருப்பதைவிடச் சற்றுதான் கூடுதல். இதைச் சொன்னதும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இவர் இத்தனை தூரம் தேடிப்பிடித்தது பெரிய விஷயம். இவரைப் போல் தேடுகிறவர்களுக்கு இங்கிலாந்தை உதாரணமாகச் சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1845 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கவுன்டியும் (நம் மாவட்டம் மாதிரி) காப்பகம் வைத்தாக வேண்டும் என்றானது. அதனால் அங்கே பதிவுகள் ஏராளம். 1846 முதல் 1912 வரையிலான சேர்க்கைப் பதிவேடுகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன: பெயர், எந்தக் காப்பகம், சேர்ந்த தேதி, வெளியே போன அல்லது இறந்த தேதி. அந்தத் தேதியை வைத்துக்கொண்டு கவுன்டி ஆவணக் காப்பகத்தில் கேஸ் புத்தகத்தைக் கேட்கலாம். சிலவற்றில் போட்டோகூட ஒட்டியிருப்பார்கள். நோயாளிகளின் பதிவுகளைப் பெரும்பாலும் 100 ஆண்டுகள் மூடிவைப்பது அங்கே வழக்கம். மக்கள்தொகைக் கணக்கில் தேடினால் சில காப்பகங்களில் முதலெழுத்துகள் மட்டுமே இருக்கும். வயதையும் பிறந்த ஊரையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். 1930 சட்டத்தில் 'அசைலம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'மனநல மருத்துவமனை' என்றாக்கினார்கள். ஆகவே இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

சரி, திரும்ப அந்தப் பெண்ணிடம் வருகிறேன். வலிப்புதான் என்று புரிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நல்லவேளை, பைத்தியம் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அவர்மேல் கோபமில்லை, இதே வார்த்தையை எத்தனையோ குடும்பங்களில் கேட்டுவிட்டேன். கணவன் சதிசெய்து அடைத்துவிட்டான் என்றோ, வெறும் வலிப்பு என்றோ ஒரு கதை கிடைத்தால் எல்லாருக்கும் நிம்மதி. அப்படி நடந்ததும் உண்டுதான். ஆனால் நிஜமாகவே காதில் குரல் கேட்டு, நிஜமாகவே துன்பப்பட்டு, 1952-க்கு முன் அதற்கென்று நல்ல மருந்து ஒன்றுகூட இல்லாமல் அங்கே இருந்தவர்களும் யாருக்கோ பாட்டிதானே? "மனச்சிதைவுன்னே எழுதியிருந்தா, அவங்க பேரை மறுபடியும் மறைச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

கிளம்பும்போது, கடைசித் தாளில் தனக்குப் புரியாத ஒரு வரியைக் காட்டினார். டாக்டர் கையெழுத்து எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. 'தையல் அறையில் வேலை செய்கிறார். தையல் மிக நேர்த்தி.'

அந்தப் பக்கத்தை மட்டும் மேஜைமேல் விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டார்.