ரெண்டு தடவை கலைஞ்சுடுச்சு, எல்லா டெஸ்ட்டும் எடுத்துடலாமா?

மகப்பேறு மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் கேள்விதான் தலைப்பில் இருப்பது. கேட்பவர் கையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு தடித்த ஃபைல் இருக்கும். பிரித்தால் ஏ.எம்.ஹெச். (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இருக்கும், கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே இருக்கும், டார்ச் பேனல் (சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) இருக்கும், அதில் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்ற வரியை யாரோ சிவப்பு மையில் வட்டமிட்டிருப்பார்கள். தைராய்டு ரிப்போர்ட் மட்டும் இருக்காது.

கரு உண்டாகாதவர்களுக்கான பரிசோதனை வேறு, உண்டான கரு தங்காதவர்களுக்கான பரிசோதனை வேறு. ஒரே வருடத்தில் இரண்டு தடவை தானாகவே கருத்தரித்த பெண்ணுக்குக் குழாய் திறந்திருக்கிறதா என்று வலிக்க வலிக்க எக்ஸ்ரே எடுத்து என்ன தெரியப்போகிறது? டார்ச்சில் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்துபோன தொற்றுக்கு (அல்லது போட்ட தடுப்பூசிக்கு) உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்பதுதான் பொருள். ரூபெல்லாவுக்கு அது இருந்தால் நல்லது. திரும்பத் திரும்பக் கலைவதற்கு அது காரணமில்லை, ஆனாலும் அதற்காக மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை கலைந்ததற்குப் பொதுவாகப் பரிசோதனை தேவையில்லை. கருச்சிதைவு வாய்ப்பு 25-29 வயதில் சுமார் 10 சதவீதம், 45 வயதுக்கு மேல் பாதியைத் தாண்டும். ஆரம்ப மாதங்களில் கலைபவற்றில் பாதிக்குக் குறையாமல் அந்தக் கருவின் குரோமோசோம் எண்ணிக்கை தற்செயலாகப் பிசகியதால்தான். பப்பாளியும் ஸ்கூட்டியும் இதில் நிரபராதிகள், மாமியார்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்.

சரி, இரண்டாவது தடவைக்கு அப்புறம்? ஐரோப்பிய, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கங்கள் இரண்டிலேயே பரிசோதிக்கலாம் என்கின்றன. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் மூன்று என்றாலும் மருத்துவரின் முடிவுக்கும் இடம் விட்டிருக்கிறது. "இன்னொன்று போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வராது. வயது 35-ஐத் தாண்டியிருந்தாலோ, பத்து வாரத்துக்கு மேல் வளர்ந்த பிறகு போயிருந்தாலோ, முன்பு காலில் ரத்தம் உறைந்திருந்தாலோ தள்ளிப்போடவே வேண்டாம்.

எந்த டெஸ்ட் எழுதினாலும் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இது பாசிட்டிவ்னா என்ன செய்வீங்க, நெகட்டிவ்னா என்ன செய்வீங்க?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தக் காசு மிச்சம். என் பட்டியல் சின்னதுதான். தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பைக்குள் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று பார்க்க 3டி ஸ்கேன், அப்புறம் ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள். கடைசியில் சொன்னதைக் கலைந்து ஆறு வாரமாவது கழித்து எடுக்க வேண்டும். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும் எடுத்து உறுதி செய்யாமல் முத்திரை குத்தக்கூடாது. உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் உண்மையிலேயே உதவும். என்.கே. செல் (ஒரு வகை நோய் எதிர்ப்பு வெள்ளணு) டெஸ்ட், கணவரின் வெள்ளணுக்களை ஊசியாகப் போடுவது போன்றவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

கருத்திசுவின் குரோமோசோம் பரிசோதனை பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது) செய்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வழக்கம்போலத் திசுவை ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால் செல்கள் செத்துவிடும், அப்புறம் கேரியோடைப்புக்கு (குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் டெஸ்ட்) வளர்க்க முடியாது. கிருமியில்லாத சலைனில் உடனே லேபுக்குப் போக வேண்டும். அதில் தற்செயலான பிசகுதான் என்று தெரிந்தால், "நான் என்ன தப்பு செஞ்சேன்" என்று மருகிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு தாள் பெரிய ஆறுதல்.

தம்பதியின் கேரியோடைப் என்றால் இருவரின் ரத்தமும் வேண்டும். இங்கேதான் "எனக்கு எதுக்கு டாக்டர்?" என்று கணவர் நாற்காலியில் பின்னால் சாய்வார். குரோமோசோம் துண்டு இடம் மாறியிருப்பது அவரிடமும் இருக்கலாமே! (சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் கவனிக்க: இந்த டெஸ்ட்டில் மரபணுக் குறைபாடுகள் தெரியாது, அதற்கு ஆலோசனையே தனி.)

எல்லாம் எடுத்தும் சுமார் பாதிப் பேருக்குக் காரணம் கிடைக்காது. அவர்களில் பெரும்பாலோர் தனிச் சிகிச்சை எதுவும் இல்லாமலே பிறகு குழந்தை பெறுகிறார்கள். அதனால் "இப்ப டெஸ்ட்டே வேண்டாம் மேடம், மனசு ஆறட்டும்" என்று யாராவது சொன்னால், தள்ளிப்போட வேண்டாம் என்று மேலே சொன்னவர்களில் அவர் வராதவரை, சரி என்றுதான் சொல்வேன். மாமியார் வெளியே நின்று "எல்லாத்தையும் எழுதிக் குடுங்க" என்றாலும் சரி.

அடுத்த தடவை நாள் தள்ளிப்போனால் ஏழாவது வாரத்தில் ஸ்கேனுக்கு வாருங்கள். அதற்குள் ரத்தக்கசிவு தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு கருச்சிதைவு ஆனவர்களுக்கு இப்படிக் கசிந்தால் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் வைக்கலாம் என்று, 2019-ல் வந்த பிரிஸ்ம் ஆய்வை வைத்து, பிரிட்டனில் 2021-லேயே பரிந்துரை வந்துவிட்டது.