பெயின்ட் அடிக்கும் முன் பேப்பரைப் பாருங்கள்: 50 வயது காருக்கு விண்டேஜ் பதிவு

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஷெட். மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஒரு ஃபியட் 124 ஸ்பைடர். 1969-இல் இத்தாலியில் செய்த மடிக்கும் கூரை வண்டி, பினின்ஃபரினா வரைந்த உடல், 1438 சிசி என்ஜின். தோட்டத்துக்காரர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அவருடைய மகள், பள்ளி ஆசிரியை, அப்பா ஞாபகமாக அதை ஓடவைத்தே தீருவது என்று இறங்கினார். தகர வேலை, பெயின்ட், சீட், கார்புரேட்டர் என்று இரண்டு வருடமும் பல லட்சமும் போனது. கார் ஸ்டார்ட் ஆனது. அதற்கு அப்புறம்தான் ஆர்.சி. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு மலையிறங்கினார்.

20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஏறி, இதுவரை பதினொரு தடவை. எட்டாவது தடவையிலிருந்து நானும் கூடப் போகிறேன். அவர் செய்த ஒரே தப்பு, முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்ததுதான். அதை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை.

விதி சின்னதுதான். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் சில பிரிவுகளைச் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோக இருசக்கர, நான்கு சக்கர வாகனம் அசல் வடிவில் இருந்தால் அதை விண்டேஜ் என்று பதியலாம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 20. கட்டணம் முதல் தடவை 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். அடுத்த மறுபதிவு 5,000. மாநில அளவில் இதற்கென்றே பொறுப்பான ஒரு நோடல் அதிகாரி, வண்டியைப் பார்த்துச் சொல்ல ஒரு குழு. 60 நாளுக்குள் படிவம் 23ஏ-இல் சான்றிதழ் தர வேண்டும். ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவதற்குத்தான் வி.ஏ. என்ற எழுத்து வரும்.

விண்டேஜ் உங்களுக்கு வேண்டுமா?

விண்டேஜ் என்ற பெயரில் ஒரு கௌரவம் இருப்பதால் பலர் யோசிக்காமல் கேட்டுவிடுகிறார்கள். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, அவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காட்டிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு நடை என்றால் அதற்கு இந்தச் சான்றிதழில் இடமில்லை. வரவேற்பு ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவது அதைவிட மோசம். சேலத்தில் கூரையில்லாத காருக்கு முகூர்த்த நாளில் கிராக்கி அதிகம், தெரியும். ஆனால் வணிக உபயோகம் கூடாது என்று விதி நேராகவே சொல்கிறது. விபத்து ஆகிவிட்டால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

இன்னொரு வழி, சாதாரண ஆர்.சி.யையே 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது. எங்கும் ஓட்டலாம். ஆனால் 2025 ஆகஸ்டில் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000, இறக்குமதி செய்த காருக்கு 80,000, ஜி.எஸ்.டி. தனி. ஆர்.சி. காலாவதியாகிக் கிடந்தால் தாமதத்துக்கு மாதம் 500.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 124 ஸ்பைடர் போல வெளிநாட்டில் செய்த வண்டி என்றால் 10 வருடத்துக்கு 1,60,000. விண்டேஜ் என்றால் 20,000. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபியட் 1100 என்றால் இரண்டு வழியிலும் 10 வருடத்துக்கு 20,000தான் வருகிறது. அப்புறம் எதற்கு விண்டேஜ் எழுதிக்கொடுத்துவிட்டு ஊர் சுற்றும் உரிமையை இழக்க வேண்டும்? உள்ளூர் ஃபியட்காரர்கள் சாதாரணப் புதுப்பிப்பிலேயே இருங்கள் என்பதுதான் என் கருத்து.

அதிலும் ஒரு குழி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவருடைய 1100 டிலைட்டுக்கு, தயாரிப்பாளர் பெயர் ஃபியட் என்று இருந்ததால், 'இத்தாலி கம்பெனிதானே' என்று இறக்குமதிக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டார்கள். 10,000 கட்ட வேண்டியவரிடம் 80,000 கேட்டது திரை. பணம் கட்டும் முன் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்பது தனிப் புராணம்.

'15 வருஷம் ஆன வண்டியெல்லாம் ஸ்கிராப்புக்குப் போகணும்ங்க, இப்பவே கொடுத்திடுங்க' என்று வரும் இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தமிழ்நாட்டில் தனியார் காருக்கு வயதை மட்டும் காட்டி அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

50 வயதை எங்கிருந்து எண்ணுவது

ஆசிரியையின் கார் 1969-இல் இத்தாலியில் பதிவானது. ஒரு தூதரக அதிகாரி இந்தியாவுக்குக் கொண்டுவந்து, அரசு வர்த்தகக் கழகம் வழியாக விற்று, 1976 கடைசியில் சென்னையில் பதிவாகி, பிறகு ஏற்காட்டுக்கு வந்தது. ஆர்.சி.யில் இருப்பது 1976 மட்டும்.

"இன்னும் அம்பது ஆகலையே மேடம். அடுத்த வருஷம் வாங்க."

விதி கேட்பது முதல் விற்பனைக்குப் பின் நடந்த முதல் பதிவை. இறக்குமதி வாகனமும் அதில் சேரும். ஆனால் கவுன்டரில் இருப்பவர் பார்ப்பது ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தை. ஆகவே வெளிநாட்டுப் பதிவின் நகல், சுங்க ரசீது, வர்த்தகக் கழக விற்பனைக் கடிதம் என்று பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கும் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஃபியட், ஆல்ஃபா ரோமியோ, லான்சியா, அபார்த் வண்டிகளுக்கு அவற்றின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸின் ஹெரிடேஜ் பிரிவு சேஸிஸ் எண்ணை வைத்துத் தோற்றச் சான்றிதழ் தருகிறது. அது எப்போது செய்யப்பட்டது என்பதைத்தான் காட்டும், பதிவுத் தேதியை அல்ல. இருந்தாலும் கோப்பில் அது இருந்தால் பேச்சின் தொனி மாறுகிறது.

அசல் வடிவம்

அதிகம் பேர் விழுவது இங்கேதான். சேஸிஸ், உடல் கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எண்பதுகளில் பெட்ரோல் விலைக்குப் பயந்து எத்தனையோ நல்ல கார்களில் டீசல் என்ஜினை ஏற்றினார்கள். ஆர்.சி.யில் எரிபொருள் டீசல் என்று திருத்தியிருந்தால் விண்டேஜ் ஆசையை விட்டுவிடுங்கள். சீட் துணி, கார்பெட் போன்றவற்றைப் பற்றி விதி பேசவில்லை. அவற்றுக்குக் கவலை வேண்டாம்.

124 ஸ்பைடரில் முன் ஷாக் அப்சார்பர் மேலே பிடிக்கும் தகரக் கூடு துருப்பிடிக்கும். எந்த ஊரிலும் பிடிக்கும். சேர்வராயன் மலை மூடுபனியில் கேட்கவே வேண்டாம். அதை வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும். வெட்டும் முன்பும், ஒட்டிய பின்பும், பெயின்ட்டுக்கு முன்பும் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். அது பழுது பார்த்ததா, மாற்றியமைத்ததா என்று கேள்வி வந்தால் உங்கள் பதில் அந்தப் படங்கள்தான்.

அடுத்தது தகரத்தில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண். ஆசிரியையின் பட்டறைக்காரர் நல்ல வேலைக்காரர். என்ஜின் அறையைச் சுரண்டி, பட்டி பார்த்து, கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்துக் கொடுத்தார். ஆய்வாளர் தாளை வைத்துப் பென்சில் தேய்த்தபோது கடைசி மூன்று இலக்கம் வரவில்லை. குழியை பட்டி நிரப்பிவிட்டது. மூன்று நடை அதற்கே போனது. கடைசியில் தின்னரும் பல் துலக்கும் பிரஷும் வைத்து அரை நாள் சுரண்டி எண்ணை வெளியே கொண்டுவந்தோம். அதற்குள் ஒருவர், 'மேலேயே புதுசா பஞ்ச் அடிச்சிடலாம்ணே' என்றார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எண்ணைத் திருத்திய வண்டி என்று ஆகிவிட்டால் அப்புறம் நீங்கள் போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன். பட்டறைக்கு விடும் முன்பே பென்சில் பிரிண்ட் எடுத்து, அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கொடுங்கள்.

பெயர், பேக்லாக், காப்பீடு

ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வேறு எதுவும் நகராது. உரிமையாளர் இறந்த 30 நாளில் தகவல், 3 மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31 என்பது விதி. யாரும் அப்படிச் செய்வதில்லை, தாமதத்தோடு செய்யலாம். தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லையென்றால், கார் வேலையைத் தொடங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். புது பெயின்ட்டில் மின்னும் காரைப் பார்த்த பிறகு கையெழுத்தின் விலை ஏறும்.

அப்புறம் பேக்லாக். பழைய புத்தக ஆர்.சி.க்கள் பல கணினியில் ஏறவில்லை. தளத்தில் எண்ணைத் தட்டினால் விவரம் இல்லை என்று வரும். வண்டியைப் பதிந்த அலுவலகத்தில்தான் ஏற்ற வேண்டும். அவர்கள் பழைய லெட்ஜரைத் தேட வேண்டும். லெட்ஜர் கிடைக்கவில்லை என்றார்கள். கிடைக்கவில்லை என்பதை எழுதித் தரச் சொன்னோம். அடுத்த வாரம் லெட்ஜர் கிடைத்துவிட்டது.

காப்பீடு இதைவிட வேடிக்கை. விண்ணப்பத்தோடு பாலிசி வேண்டும். பாலிசிக்குக் கணினியில் ஆர்.சி. விவரம் வேண்டும். பேக்லாக் முடியும்வரை இரண்டு பக்கமும் உங்களை அடுத்த பக்கத்துக்குக் கைகாட்டும். ஆகவே வரிசை இதுதான்: பெயர் மாற்றத்துக்கான தாள்கள், பேக்லாக், காப்பீடு, அதன் பிறகே விண்ணப்பம். காப்பீட்டை இணையத்தில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். விண்டேஜாகப் பதிவான தனியார் காருக்கு மூன்றாம் தரப்புப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி 2022-லிருந்தே இருக்கிறது. 1000 முதல் 1500 சிசி வரை அடிப்படைப் பிரீமியம் 3,416, அதில் பாதி. ஏஜென்ட்டாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இடது பக்க ஸ்டியரிங் என்று ஒருவர் கோப்பைத் திருப்பித் தள்ளினார். மோட்டார் வாகனச் சட்டம் 120-ஆவது பிரிவு, வேலை செய்யும் சிக்னல் கருவி இல்லாமல் அப்படிப்பட்ட வண்டியை ஓட்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. அந்தப் பக்கத்தின் அச்சுப்பிரதி ஒன்று இப்போது எங்கள் கோப்பிலேயே இருக்கிறது.

உதிரி பாகம் வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டையில் 'பிரீமியர் 118 சாமான் இதுக்குச் சேரும்' என்பார்கள். பாதி உண்மை. 1985-இல் வந்த 118 என்.இ.யின் உடல் ஃபியட் 124 சலூன் வழியில் வந்ததுதான். ஆனால் அதன் என்ஜின் நிஸானுடையது. ஆகவே என்ஜின் சாமான் ஒன்றுகூடச் சேராது. ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பக்கம் சில சேரக்கூடும். பழையதைக் கையோடு கொண்டுபோய் வெர்னியர் வைத்து அளக்காமல் காசு கொடுக்காதீர்கள். ஸ்பைடரின் டைமிங் பெல்ட் ரப்பர். வருடக்கணக்கில் நின்ற வண்டியைப் பழைய பெல்ட்டோடு ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் புதிதாகச் செய்த பாகங்களை மட்டும் வாங்குங்கள். இத்தாலியில் கழற்றிய பழைய பானெட் மலிவாகக் கிடைக்கும், அசலாகவும் இருக்கும். ஆனால் பயன்படுத்திய சாமானை இறக்குமதி செய்வது கட்டுப்பாட்டில் உள்ளது. தனி அனுமதி வேண்டும். அது இல்லாமல் வந்தால் சுங்கத்தில் நின்றுவிடும், கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். பில்களைப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பாகம் எதற்குப் பதில் வந்தது என்று குழு கேட்டால் காட்டலாம்.

வாய்மொழி மறுப்பை வாங்கிக்கொண்டு வராதீர்கள்

'முடியாதுங்க', 'அப்புறம் வாங்க', 'சென்னையில கேளுங்க'. இந்த மூன்றும் உத்தரவு ஆகாது. சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி பதிவை மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு தர வேண்டும். அது கையில் இருந்தால் 57-ஆவது பிரிவின் கீழ் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கவுன்டரில் சண்டை வேண்டாம். அமைதியாக, "எழுதிக் கொடுத்திடுங்க சார்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு நடைக்கும் தேதி, மேசை, சொன்ன வார்த்தை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நோடல் அதிகாரி யார் என்று எங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நால்வரைக் கேட்டோம். மூன்று பேர் எங்களிடமே திருப்பிக் கேட்டார்கள். 10 ரூபாய் தகவல் உரிமை மனுவில் அதைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

60,000 கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருவதாக ஒரு புரோக்கர் வந்தார். எந்தத் தாளை எப்படி முடிப்பார் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

ஆசிரியையின் விண்ணப்பம் ஒருவழியாக ஏறி இன்றோடு 43 நாள். 61-ஆவது நாள் அனுப்ப வேண்டிய மனுவை இப்போதே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த மேசையில் இருந்தது, நாள்வாரியாகத் தெரிவிக்கவும். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.