டேங்: பிடிக்குள் ஒளிந்திருக்கும் நாக்கு

வீட்டுப் பெரியவர் விட்டுப்போன மடங்காத கத்தி ஒன்று கைக்கு வருகிறது. அது எந்த வகை, எந்தக் காலத்தது என்று தேடத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படும் சொல் ‘டேங்’. கத்தியின் அலகு பிடிக்குள்ளும் நீண்டு போகும் அல்லவா, அந்தப் பகுதிக்குத்தான் இந்தப் பெயர்.

இது ஆங்கிலத்துக்கு வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்த சொல். பழைய நோர்ஸில் ‘டாங்கி’ என்றால் கடலுக்குள் நீளும் நிலமுனை, கூரான முனை. ஆங்கிலத்தில் முதலில் பாம்பின் நாக்கைக் குறித்தது. அந்த நாக்குதான் கொட்டும் என்று அப்போது நம்பினார்கள். சுரீரென்ற சுவைக்கும் கத்தியின் உள்முனைக்கும் அப்புறம்தான் பெயரானது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘காம்பு’ என்றால் பிடியையே நினைத்துவிடுவார்கள். ‘முளை’ பரவாயில்லை, ஆனால் தட்டையாக அகன்ற வகைக்குப் பொருந்தவில்லை. நான் ‘நாக்கு’ என்பேன். கத்தியின் கூர்ப்பக்கத்தைத் தமிழில் ‘வாய்’ என்கிறோம். ‘அலகு’ என்பதற்கும் பறவையின் மூக்கு, தாடை என்ற பொருள்கள் உண்டு. வாயும் அலகும் இருக்கும் இடத்தில் நாக்கு வந்து சேர்வது எவ்வளவு இயல்பு! பிடியின் அகலத்துக்கே ஓடி விளிம்பில் இரும்பு தெரிந்தால் முழு நாக்கு. ஒல்லியாகி உள்ளே மறைந்தால் மறை நாக்கு.

‘டேங் ஸ்டாம்ப்’ என்ற சொல்தான் பலரைக் குழப்புகிறது. மடக்குக் கத்தியில் தயாரிப்பாளர் முத்திரை உண்மையிலேயே நாக்கில், அலகு பிடியோடு சேரும் அடியில், இருக்கும். மடங்காத கத்தியில் மறை நாக்கு வெளியே தெரியாது. அதனால் முத்திரை பெரும்பாலும் பிடிக்கு முன்னால், கூர் தீட்டாமல் விட்ட பட்டையான இடத்தில் இருக்கும். அதன் பெயர் ‘ரிக்காசோ’. ‘அலகின் கழுத்து’ என்றால் எளிதில் புரியும். பழக்கத்தால் அதையும் டேங் ஸ்டாம்ப் என்றே பலர் சொல்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க மரைன் படையினர் வைத்திருந்த கத்தியைப் பாருங்கள். 1942-இல் ஏற்கப்பட்ட ஒரே வடிவத்தை யூனியன் கட்லரி, கமில்லஸ், ரோப்சன், பால் ஆகிய நிறுவனங்கள் செய்தன. தோல் வளையங்களை அடுக்கிய பிடியை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். முத்திரை எழுத்து அலகின் கழுத்தில் இருக்கிறதா, அலகுக்கும் பிடிக்கும் நடுவே குறுக்காக நிற்கும் கைக்காப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கமில்லஸ் கத்திகளில் இரண்டும் உண்டு. அப்புறம் பிடியின் அடி. சிலவற்றில் நாக்கின் நுனி உலோக மூடிக்கு வெளியே வந்து, சுத்தியால் அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். சிலவற்றில் மூடியின் குறுக்கே ஒரு சிறு ஆணி மட்டும். வகைகளைப் பிரிப்பவர்கள் இந்த நுணுக்கங்களைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

நாக்கைப் பார்க்கப் பிடியைக் கழற்றிவிடாதீர்கள். கறுத்த அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். மங்கலான முத்திரை அதோடு போய்விடும். சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாலே பாதி எழுத்து தெரிந்துவிடும்.