பூட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது: பணத்தைத் திருப்பிக் கேட்க மூன்று மாதம்தான்

இறக்கையின் துளைக்கும் ஆணிக்கும் பொருத்தமில்லாத சீலிங் ஃபேன். ஒரு சின்ன வாசர் தேய்ந்தாலும் சுவரை உடைத்துத்தான் மாற்றவேண்டிய பைப். அந்தக் கொம்பனியின் ஃபில்டரைத் தவிர வேறெதையும் ஏற்காத, அந்த ஃபில்டரும் திருகோணமலையில் எந்தக் கடையிலும் கிடைக்காத தண்ணீர் வடிகட்டி. இவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் தலைவிதி என்று நினைத்து இன்னொன்றை வாங்கிவிடுகிறார்கள். தேவையில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் உங்களுக்கு வேண்டியது முக்கியமாக 13ஆம் பிரிவு. பொருள் விதிக்கப்பட்ட தரத்தில் இல்லாவிட்டாலோ, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாவிட்டாலோ அதிகாரசபை விசாரிக்கலாம். மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு செலுத்தவோ உத்தரவிடலாம். உத்தரவாதம் எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அதனால் "வாரண்டி காட் இல்லையே" என்று கடையில் சொன்னதும் திரும்பி நடக்காதீர்கள்.

பலர் விழும் குழி காலக்கெடு. முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்குப் போகவேண்டும். அந்த மூன்று மாதம் பொருள் பழுதான நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து ஓடுகிறது. புதுவீடு கட்டுபவர்களுக்கு இது பெரிய அநியாயம். கிண்ணியாவிலோ மூதூரிலோ வெளிநாட்டுக் காசு வந்ததும் பைப், சவர், ஃபேன் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கி அறையில் அடுக்கிவிடுகிறோம். சுவர் பூசி, வயரிங் முடிந்து பெட்டியைத் திறக்கும்போது கெடு போயிருக்கும். வாங்கிய வாரமே பெட்டியைத் திறந்து, பாகங்களை எண்ணி, பொருத்திப் பாருங்கள்.

கடைக்காரருக்கும் இந்தக் கெடு தெரியும். "கொழும்புக்கு அனுப்பியிருக்கிறம், அடுத்த கிழமை வாங்கோ" என்பார்கள். அடுத்த கிழமையும் அதே பதில்தான். வாய்ப்பேச்சை நம்பிப் பொருளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். திகதியும் பழுதும் எழுதிய ஒரு துண்டு வாங்குங்கள். பில்லின் மூலப்பிரதியைக் கடையில் விடவே வேண்டாம், நகல் போதும். அவர்கள் திருத்தித் தருவதாகச் சொன்னாலும் முறைப்பாட்டுக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பில் இன்னொரு தலைவலி. வீடு கட்டும் மேசன் பாஸ்தான் ஹாட்வெயாரில் சாமான் எடுக்கிறார், பில்லும் அவர் பையில். அதில் "பைப் 4" என்று மட்டும் கிறுக்கியிருந்தால் எதை வைத்து நிரூபிப்பது? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் கேட்கவேண்டும். மொடல் இலக்கத்தையும் எழுதுவித்து உங்கள் பெயரில் வாங்குங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியையும் படம் எடுத்துவிட்டுப் பெட்டியை எறியுங்கள்.

அப்புறம், "நீங்கள்தானே பூட்டினீர்கள், பிழை உங்களது" என்ற பதில் வரும். இதற்கு மருந்து, பூட்டுவதற்கு முன்பே பொருந்தாத இடத்தைப் படமெடுப்பது. கடை தன் ஆளை அனுப்பிப் பூட்டினால் அந்தச் சேவைக்கும் பொறுப்பு உண்டு. அவர்கள் உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யவேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. வந்தவரின் பெயரையும் நாளையும் குறித்துவைத்தால் போதும்.

கடிதத்தில் "அமைப்பே மோசம், பூட்டக் கஷ்டம்" என்று எழுதாதீர்கள். உண்மைதான், ஆனால் எரிச்சலூட்டும் பொருளைச் செய்வது குற்றம் என்று சட்டத்தில் இல்லை. அளவு பொருந்தவில்லை, பெட்டியில் எழுதியிருக்கும் வேலையைச் செய்யவில்லை, உதிரிப்பாகம் கிடைக்கும் என்று சொல்லி விற்றார்கள், இப்போது இல்லை: இப்படி எழுதுங்கள். என்ன வேண்டும் என்பதையும், பணமா மாற்றுப் பொருளா என்று, ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் கேட்பது எழுத்து. தமிழில் எழுதலாம், "சிங்களத்தில் கொண்டு வாருங்கள்" என்று யாரும் திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். கச்சேரியிலுள்ள அதிகாரசபை அலுவலகத்தில் நேரில் கொடுப்பதானால் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். முறைப்பாடு ஏற்கும் அதிகாரிகள்தான் விலை பார்க்கவும் கடை சோதிக்கவும் வெளியே போகிறார்கள். குச்சவெளியிலிருந்து பஸ் பிடித்து வந்து வெற்று நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போவது வீண். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்தத் தயங்கினால் வாதாடி நேரத்தைக் கெடுக்காமல் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று மாதம் தாண்டிவிட்டதா? மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சட்டத்தரணிக்குக் காசு கட்டவேண்டியதில்லை, ஆனால் அங்கே கடைக்காரரும் சம்மதித்தால்தான் தீர்வு.