மஹனே, முகாம், பாளயம்: யூதப் பிள்ளைகளின் கோடை உறைவிடத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க யூதர் ஒருவரின் தன்வரலாற்றை மொழிபெயர்க்கையில், "பத்து வயதிலிருந்து ஒவ்வொரு கோடையையும் யூத முகாமில்தான் கழித்தேன்" என்று ஒரு வாக்கியம் தமிழில் விழுந்துவிட்டால், படிப்பவர் ஒரு கணம் திடுக்கிட்டுப் போவார். யூதர் என்ற சொல்லும் முகாம் என்ற சொல்லும் அடுத்தடுத்து நின்றாலே நம் மனத்தில் நாஜிகளின் ஆஷ்விட்ச் வதை முகாமும் முள்வேலியும்தான் எழுகின்றன. எழுதியவர் சொல்ல வந்ததோ ஏரிக்கரையையும் நீச்சலையும் இரவுப் பாட்டையும், வீட்டை விட்டு முதன்முறையாகத் தனியே இருந்த நாள்களையும் பற்றி. மூலத்தில் இல்லாத அச்சத்தை இங்கே தமிழ்ச்சொல் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே இந்தச் சொல்லை அதன் வேரிலிருந்தே பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பொருள். பள்ளி விடுமுறை நடக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில், ஏழெட்டு வயது முதல் பதினாறு, பதினேழு வயது வரையுள்ள யூதப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து, காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ அமைந்த ஓர் இடத்தில் ஒரு வாரம் தொடங்கி ஏழெட்டு வாரம் வரை கூடித் தங்கும் ஏற்பாடே இது. பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் வகையை அமெரிக்கர்கள் 'டே கேம்ப்' என்றும், அங்கேயே உறங்கி எழும் வகையை 'ஸ்லீப்அவே கேம்ப்' என்றும் பிரித்துச் சொல்வார்கள். நாம் பேசுவது இரண்டாம் வகையைப் பற்றி. நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலைகள், பென்சில்வேனியாவின் போக்கனோ மலைகள், மாசசூசெட்சின் பெர்க்‌ஷயர் குன்றுகள், விஸ்கான்சினின் ஏரிப் பகுதி ஆகியவை இவற்றுக்குப் பேர்போன இடங்கள்.

'கேம்ப்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனின் 'காம்புஸ்'. அதற்கு வெட்டவெளி, சமவெளி என்று பொருள். உரோமாபுரியில் வீரர்கள் பயிற்சி செய்த திடலுக்கு 'காம்புஸ் மார்த்தியுஸ்', அதாவது போர்த்தெய்வமான மார்ஸின் வெளி, என்று பெயர். வெளி என்ற பொருள் படை தங்கும் வெளியாகி, இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கல்லூரி வளாகத்தைக் குறிக்கும் 'கேம்பஸ்' இதன் உடன்பிறப்பு. பிள்ளைகளின் கோடைத் தங்கல் என்ற பொருள் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் ஏறியது. 1861இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளித் தலைவர் தம் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று கூடாரமடித்துத் தங்கியதை இவ்வகையில் முதலாவதாகச் சுட்டுவது வழக்கம். அப்போதும் படைவீரரின் சாயல் அச்சொல்லை விட்டுப் போகவில்லை. எக்காளம் ஊதி எழுப்புவதும், கொடி ஏற்றி அணிவகுத்து நிற்பதும் அந்தச் சாயலின் மிச்சங்கள்.

யூதர்களின் முகாம்கள் நெரிசலிலிருந்து பிறந்தவை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் காற்றோட்டமற்ற அடுக்குக் குடியிருப்புகளில் அடைந்து கிடந்தன. காசநோய் அங்கே அன்றாட அச்சமாக இருந்தது. 1893இல் உழைக்கும் யூத இளம்பெண்களுக்கு ஓய்வுக்கான சங்கம் ஒன்று தோன்றியது. 1902இல் நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஊரருகே சர்ப்ரைஸ் லேக் முகாம் தொடங்கியது; அது இன்றும் நடக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல காற்றும் பாலும் வெயிலும் கிடைக்க வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். வசதி படைத்த பிற முகாம்கள் பலவும் விடுதிகள் பலவும் யூதர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது.

பின்னர் நோக்கம் மாறியது, மொழியும் பண்பாடும் உள்ளே வந்தன. 1920களில் வேரூன்றிய பாய்பெரிக் முகாம், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷின் பாட்டையும் நாடகத்தையும் வளர்த்தது. 1941இல் ஷ்லோமோ ஷுல்சிங்கர் தொடங்கிய மசாத் முகாமிலோ எபிரேயம் தவிர வேறு பேச்சு கூடாது என்பது நெறி. ஆட்டத் திடலிலும் அதுவே. பேஸ்பால் ஆட்டத்துக்கு எபிரேயத்தில் சொல் ஏது? எனவே அந்த முகாமே பந்து எறிபவருக்கும், மட்டை பிடிப்பவருக்கும், தவறான வீச்சுக்கும் சொற்களை ஆக்கி, முகாமுக்கென்று ஓர் அகராதியும் வெளியிட்டது. கலைச்சொல்லாக்கத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக மன்றாடிவரும் நமக்கு, பிள்ளைகளின் பந்தாட்டத்திலிருந்தே ஒரு மொழியைப் புழக்கத்துக்குக் கொண்டுவர முயன்ற இந்த வேலையின் அருமை எளிதில் புரியும். 'மசாத்' என்றால் அடித்தளம்.

ஐரோப்பிய யூதக் கல்வி மையங்கள் நாஜிகளால் அழிக்கப்பட்ட பிறகு, அடுத்த தலைமுறையை உருவாக்கும் பொறுப்பு அமெரிக்கா மீது விழுந்தது என்ற உணர்வு அங்கே வலுத்தது. கன்சர்வேடிவ் என்னும் சமயப் பிரிவினர் 1947இல் விஸ்கான்சினின் கானொவரில் முதல் ராமா முகாமைத் திறந்தனர். ரிஃபார்ம் பிரிவினர் 1952இல் அதே மாநிலத்தின் ஒகோனமவாக்கில் தம் முதல் முகாமைத் தொடங்கினர். 1959இல், பேரழிவிலிருந்து தப்பிவந்த இத்திஷ் சோசலிஸ்டுகள் தொடங்கிய முகாமுக்கு 'ஹெம்ஷெக்' என்று பெயர் வைத்தார்கள். அச்சொல்லுக்குத் தொடர்ச்சி என்று பொருள். வதை முகாம்களில் உறவுகளை இழந்தவர்கள், தம் பிள்ளைகளுக்காக அமைத்த இடத்தையும் 'கேம்ப்' என்ற அதே சொல்லால்தான் அழைத்தார்கள் என்பதை நினைத்தால், ஒரு சொல் எத்தனை பாரத்தைத் தாங்குகிறது என்பது விளங்கும்.

எபிரேயத்திலும் இதே நிலைதான். முகாமுக்கு அம்மொழியில் 'மஹனே' என்று பெயர். கூடாரமடித்துத் தங்குதல் என்ற பொருளுள்ள வினைவேரிலிருந்து பிறந்தது. எகிப்தை விட்டு வெளியேறிய இஸ்ரவேலர் பாலைவனத்தில் தங்கிய இடமும் மஹனே, எதிரிப் படை இறங்கிய இடமும் மஹனே, நாஜிகள் அடைத்து வைத்த இடமும் மஹனே, பிள்ளைகள் கோடையில் ஆடிப்பாடும் இடமும் மஹனேதான். இந்தச் சொல் நமக்கு அயலானதும் அன்று. தமிழ் விவிலியம் படித்தவர்கள் 'பாளயமிறங்கினார்கள்' என்ற தொடரை எத்தனையோ முறை கடந்து வந்திருப்பார்கள்; கூடாரமடித்துத் தங்கும் இடமான அந்தப் பாளயம் எபிரேய மூலத்தில் மஹனே. ஆதியாகமத்தில் யாக்கோபு தேவதூதரைக் கண்டு ஓர் இடத்துக்கு மக்னாயீம் என்று பெயரிடுகிறான். அது 'இரண்டு பாளயங்கள்' என்று பொருள்படும் இருமை வடிவம். அவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் மஹனேயைச் 'சேனை' என்று பெயர்த்திருப்பதால், ஊர்ப்பெயருக்கும் சொல்லுக்கும் உள்ள தொடர்பு தமிழில் மறைந்துபோயிற்று. இன்றைய இஸ்ரேலில் பிள்ளைகள் பகலில் மட்டும் சென்றுவரும் கோடை ஏற்பாட்டுக்கு, கோடையைக் குறிக்கும் அரமேயச் சொல்லிலிருந்து ஆன 'கைத்தானா' என்ற வேறு சொல் வழங்குகிறது. தங்குவதையும் தங்காததையும் அவர்கள் சொல்லிலேயே பிரித்துவிட்டார்கள்.

முகாமுக்குள் புழங்கும் மற்றச் சொற்களையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் மொழிபெயர்ப்பில் பிழை மிகுவது அங்கேதான். அமெரிக்க முகாம்களில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். ஆனால் பெயர்ச்சொற்கள் எபிரேயம். உணவுக்கூடம் 'ஹதர் ஓஹெல்', ஏரி 'அகாம்', ஓய்வு நேரம் 'மெனுஹா', துப்புரவு 'நிக்கயோன்'. ஆங்கில இலக்கணத்துக்குள் எபிரேயப் பெயர்களைப் பதித்துப் பேசும் இந்த வழக்கு, தமிழ் விகுதிகளில் ஆங்கிலச் சொற்களைக் கோத்துப் பேசும் நமக்குப் புதிதாகத் தோன்றாது. பிள்ளைகளுடன் ஒரே குடிலில் உறங்கி, அவர்களை எழுப்பி, குளிக்க அனுப்பி, அழுகிறவனின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு, இருபது வயது இளைஞரை ஆங்கிலத்தில் 'கவுன்சிலர்' என்கிறார்கள். அதை 'ஆலோசகர்' என்று பெயர்ப்பது பெரும்பிழை. ஆலோசகர் என்றால் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்தான் நம் கண்முன் வருவார். எபிரேயத்தில் அவர் 'மத்ரிஹ்'. வழி என்று பொருள்படும் 'தெரெஹ்' என்ற சொல்லோடு வேர் பகிர்ந்தது. தமிழின் 'வழிகாட்டி' அதற்கு அப்படியே பொருந்துகிறது. முகாமுக்கு வரும் பிள்ளை 'ஹனிஹ்'. தொடங்கிவைத்தல், பழக்குதல் என்ற பொருளுள்ள வேர். ஹனுக்கா பண்டிகையின் பெயரும் கல்வியைக் குறிக்கும் 'ஹினுஹ்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்தவை. இவ்விரு வேர்களும் நீதிமொழிகளின் ஒரே வரியில் சேர்ந்து நிற்கின்றன: "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து." மூலத்தில் 'நடத்து' என்பது ஹனிஹின் வேர், 'வழி' என்பது மத்ரிஹின் வேர். பிள்ளைகள் உறங்கும் மரக்கட்டடத்தை ஆங்கிலத்தில் 'பங்க்' என்பார்கள். தமிழில் அப்படியே எழுதினால் பெட்ரோல் நிலையமோ பெட்டிக்கடையோ நினைவுக்கு வரும்; குடில் என்பதே தெளிவு.

தங்குதல் ஏன் இந்தச் சொல்லின் உயிர்நிலை என்பதை ஒரு வெள்ளிக்கிழமை காட்டிவிடும். பிற்பகலில் பிள்ளைகள் குடிலைப் பெருக்கித் துடைத்து, குளித்து, பல முகாம்களில் வெள்ளை உடை அணிந்து, ஏரியை நோக்கிப் போட்டிருக்கும் மரப்பலகைகளில் வந்து அமர்கிறார்கள். சூரியன் இறங்க இறங்க ஓய்வுநாளான சப்பாத்தை வரவேற்கும் பாட்டு எழுகிறது. ரிஃபார்ம் முகாமில் கிதாரோடு, சமய நெறியை இறுக்கமாகக் கடைப்பிடிக்கும் முகாமில் கருவியின்றி வெறுங்குரலாக. உணவுக்கூடத்தில் துணி போர்த்திய இரண்டு பின்னல் ரொட்டிகள் காத்திருக்கின்றன. உண்டு முடித்தபின் சொல்லும் நன்றி மந்திரத்தை வீட்டில் முணுமுணுப்பவர்கள்கூட அங்கே மேசையைத் தட்டித் தாளம் போட்டு முழங்குவார்கள். மறுநாள் இரவு விண்மீன் தெரிந்ததும், தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று, பல திரிகள் முறுக்கிய மெழுகுவத்தியை ஏற்றி, கிராம்பின் மணத்தை முகர்ந்து, சுடரைத் திராட்சைச் சாற்றில் அமிழ்த்தி அணைக்கிறார்கள். அந்தச் சடங்கின் பெயரான 'ஹவ்தாலா'வுக்குப் பிரித்தல் என்று பொருள். எருசலேம் ஆலயம் இருமுறை இடிந்ததை நினைந்து நோன்பிருக்கும் ஆவ் மாதத்து ஒன்பதாம் நாளும் பள்ளி இல்லாத கோடையில்தான் வருகிறது. தரையில் அமர்ந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் புலம்பல் ஆகமம் வாசிக்கக் கேட்பதைப் பல பிள்ளைகள் முகாமில்தான் முதலில் அறிகிறார்கள். இவை அந்தியிலும் இரவிலும் நடப்பவை. மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு இவை வாய்க்கா.

இனித் தமிழ்ச்சொல். 'முகாம்' அரபிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. நிற்றல் என்னும் வேரில் பிறந்த அதன் இணைச்சொல்லான 'மகாம்', மக்காவின் மகாமு இப்ராஹீம் என்ற பெயரால் தமிழ் முஸ்லிம்களுக்குப் பழக்கமானது. அதே செமித்திய வேர் எபிரேயத்தில் 'மாகோம்' என்று நிற்கிறது: பொருள், இடம். யூத மரபில் அது இறைவனுக்கும் ஒரு பெயர். துக்க வீட்டில் 'இடமானவர் உங்களைத் தேற்றுவாராக' என்றே ஆறுதல் சொல்வார்கள். ஆக, நாம் கடன் வாங்கிய முகாம் எபிரேயத்துக்கு உறவு முறைதான்.

'பாசறை' சங்கச் சொல், அழகான சொல். பசுமை, அறை என்று பிரித்து, தழை வேய்ந்த குடில் என்று பொருள் காண்பதுண்டு. முல்லைப்பாட்டு காட்டை அழித்து முள்வேலியிட்டு அமைத்த பாடி என்னும் படைவீட்டையும், அதில் தழை வேய்ந்த 'உவலைக் கூரை' வரிசையாக நின்ற தெருவையும் காட்டுகிறது. காட்டோரக் குடில்வரிசை என்ற அளவில் அது மிக நெருங்கி வருகிறது. ஆனால் இன்று பாசறை என்றால் கட்சியின் இளைஞர் பாசறையும் பயிற்சிப் பாசறையுமே காதில் விழும். ஒன்பது வயதுக் குழந்தையை அங்கே அனுப்ப எனக்கு மனமில்லை. 'பாளையம்' மேட்டுப்பாளையம் போன்ற ஊர்ப்பெயர்களில் உறைந்துவிட்டது. விவிலியப் பாளயத்தோடு இணைத்துப் பேச வேண்டிய இடத்தில் மட்டும் அதைக் கையாளலாம்.

எனவே முகாமையே கொள்ளலாம். ஆனால் தனியே விடலாகாது. மருத்துவ முகாம், யானைகள் முகாம், வதை முகாம் என்று எதோடும் ஒட்டும் அச்சொல்லுக்குத் தனக்கென ஒரு நிறமில்லை. முன்னால் வரும் சொல்லே நிறம் தருகிறது. அதனால்தான் 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள்' என்பதை நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியபோதும், மாறியது முன்சொல்தான். ஈழத்தில் 'காம்ப்' என்று ஒலிபெயர்த்தால் இராணுவ முகாமே நினைவுக்கு வரும் என்பதால் அந்த வழியும் உகந்ததன்று. 'கோடை முகாம்' என்று நிறுத்தினாலோ, தமிழ்நாட்டில் அது காலையில் போய் மதியம் திரும்பும் நீச்சல், ஓவிய வகுப்பாகிவிடும். தங்கிப் படிக்கும் பள்ளிக்கு 'உறைவிடப் பள்ளி' என்ற சொல் நம்மிடம் வேரூன்றி நிற்கிறது. அந்த 'உறைவிட' என்பதே இங்கு விடுபட்டிருந்த உறுப்பு. முதல் முறை எழுதும்போது 'யூத உறைவிடக் கோடை முகாம்' என்று முழுமையாகவும், அடுத்தடுத்த இடங்களில் 'உறைமுகாம்' என்று சுருக்கியும் எழுதலாம். அப்போது தொடக்கத்தில் சொன்ன தன்வரலாற்று வரி, "பத்து வயதிலிருந்து ஒவ்வொரு கோடையும் யூதப் பிள்ளைகளுக்கான உறைமுகாமுக்குப் போய்த் தங்கிவந்தேன், பதினெட்டு வயதில் அங்கேயே வழிகாட்டி ஆனேன்" என்று அமையும்.