பில்லில் பிழை விட்டால் சம்பளத்தில் வெட்டலாமா?

கொழும்பு, புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை. பில் போடும் பொடியன் ஹட்டன் பக்கத்தவன். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, கடைக்குள் கால் வைக்க இடமில்லை. திரைச்சீலைத் துணி மீட்டர் 1,850 ரூபா. அவசரத்தில் அவன் 185 என்று அடித்துவிட்டான். பதினான்கு மீட்டர் போய்விட்டது. இரவு பில் கொப்பிகளைப் பார்த்தபோது 23,310 ரூபா நட்டம் என்று தெரிந்தது.

முதலாளி ஓர் அரைத்தாளை நீட்டினார். சிங்களத்தில் நான்கு வரி. அவனுக்குச் சிங்களம் சரளமாகப் பேச வரும், வாசிக்க வராது. "காசைக் கட்டுறன் எண்டுதான் எழுதியிருக்கு, ஒப்பம் வை தம்பி" என்றார்கள். வைத்தான். மறுநாள் காலை கடைக்குப் போனால் வேலை இல்லை என்றார்கள். கைபேசியில் எடுத்து வைத்திருந்த அந்தத் தாளின் படத்தை என்னிடம் காட்டினான். கடையின் காசைக் கையாடியதை ஏற்றுக்கொள்வதாகவும், தன் விருப்பத்தில் விலகுவதாகவும் எழுதியிருந்தது. நட்டத்தைக் கட்டுவது கடைசி வரியில் இருந்தது.

ஒரு பூச்சியம் விடுபட்டதற்கும் களவுக்கும் உள்ள தூரத்தை அந்த அரைத்தாள் அழித்துவிட்டது. இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டத்தில் தோற்பதில்லை, ஒப்பத்தில் தோற்கிறார்கள்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடை, சாப்பாட்டுக்கடை, அலுவலகம் ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பொருந்தும். அதன்படி முதலாளி நினைத்தபடி சம்பளத்தில் கை வைக்க முடியாது. கவனக்குறைவால் பொருள் சேதமானால் அபராதம் போட இடமுண்டு. ஆனால் அது அந்த மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 5க்கு மேல் போகக்கூடாது. இவனுடைய சம்பளம் 38,000. அப்படிப் பார்த்தால் அதிகம் போனால் 1,900 ரூபா. 23,310 எங்கே, 1,900 எங்கே!

இது கடைக்காரர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரிந்ததால்தான் அபராதம் என்று எழுதுவதில்லை, "அட்வான்ஸ்" என்றோ "கடன்" என்றோ எழுதுகிறார்கள். உடைந்த கோப்பையும், கேஷில் குறைந்த காசும், பிழையாகப் போன பார்சலும் மாதக் கடைசியில் நீங்கள் வாங்கிய கடனாக மாறிவிடும். வாங்காத அட்வான்ஸுக்கு ஒப்பம் வைக்காதீர்கள். வைக்காமல் தப்ப முடியாத நிலை என்றால், பிழை எப்படி நடந்தது என்பதை உங்கள் கையால், உங்கள் மொழியில், ஒப்பத்துக்கு மேலேயே எழுதுங்கள்: "விலையைத் தவறுதலாக 185 என்று அடித்தேன். காசு எதுவும் எடுக்கவில்லை." இந்த இரண்டு வரி பிறகு பெரிய காவல்.

அடுத்தது இராஜினாமா. "நீயாக விலகினால் பொலிஸுக்குப் போகமாட்டோம்" என்று இரக்கப்படுவது போலச் சொல்வார்கள். விலகல் கடிதம் கொடுத்தவரை யாரும் வேலை நீக்கவில்லை என்றுதான் கணக்கு, நீங்கள் கேட்க வந்த நியாயம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பொலிஸ் பயமும் பெரும்பாலும் வெறும் பூச்சாண்டி. தெரியாமல் விட்ட கணக்குப் பிழை குற்றமல்ல. அதைக் குற்றமாக்க அவர்களுக்கு உங்கள் ஒப்பம் தேவை, அதற்குத்தான் அந்தத் தாள்.

"நாளைக்கு வராதே" என்று வாயால் சொல்லி அனுப்புவது இன்னொரு வழி. பிறகு விசாரணையில் "நாங்கள் நிறுத்தவில்லை, அவர்தான் வராமல் விட்டார்" என்பார்கள். நீக்கியதாக முதலாளி ஒப்புக்கொண்டால் அது நியாயமானது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். மறுத்துவிட்டாலோ, நீக்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். அதனால் மறுநாளும் கட்டாயம் வேலைக்குப் போங்கள், தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு. திருப்பி அனுப்பினால் அன்றைக்கே தபாற் கந்தோருக்குப் போய் ஒரு கடிதம்: இன்ன திகதி, இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன், இன்னார் திருப்பி அனுப்பினார், வேலை செய்ய இன்னமும் ஆயத்தமாக இருக்கிறேன். பதிவுத் தபாலில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வட்ஸ்அப்பில் வந்த "வரவேண்டாம்" செய்தியை அழிக்காதீர்கள். கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறி ஆதாரத்தை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடையில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், ஊழியரை நீக்குவதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் உதவும். ஒழுக்காற்று நடவடிக்கை என்று சொல்லி நீக்கினால் அடுத்த இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். தராதது உங்களுக்குச் சாதகம், ஆகவே கடிதம் கேட்டு அவசரப்பட வேண்டாம். ஒரு வருடத்தில் 180 நாள் வேலை செய்யாதவருக்கு இந்தச் சட்டம் இல்லை. "எங்களிடம் பன்னிரண்டு பேர்தான், எங்கே போனாலும் ஒன்றும் நடக்காது" என்று சிலர் மார்தட்டுவார்கள். அது பொய். சின்னக் கடையிலிருந்து நீக்கப்பட்டவரும், வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம்.

இனி அலைச்சல். முறைப்பாடு கொடுக்க வேண்டிய தொழில் திணைக்களத்தின் தலைமையகம் நாரஹேன்பிட்ட, கிருல வீதியில் உள்ள உயரமான கட்டடம். அங்கே முதல் கேள்வியே "எந்தப் பிரதேசம்?" என்பதுதான். நீங்கள் குடியிருக்கும் கொட்டாஞ்சேனையோ வத்தளையோ முக்கியமில்லை, கடை இருக்கும் இடம்தான் கணக்கு. இது தெரியாமல் ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்து வேறு கவுண்டருக்கு அனுப்பப்படுவது வழக்கம். இரண்டாவது கேள்வி நிறுவனத்தின் பெயர். போர்டில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் பல கடைகளில் வேறு வேறு. பிழையான பெயரில் வழக்குப் போட்டால் "அப்படி ஒரு ஆளே நாங்கள் இல்லை" என்று வந்து நிற்பார்கள். ஊழியர் சேமலாப நிதிப் பத்திரத்தில் உள்ள பெயரைப் பாருங்கள். அது கிடைக்கவில்லை என்றால் சம்பளம் வங்கியில் விழுந்த பெயர்.

"தமிழ் தெரிந்தவர் லீவு, நாளைக்கு வாங்க" என்று சொன்னால் திரும்பிப் போகவேண்டாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது, கொழும்பிலும்தான். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். எத்தனை கடிதங்கள் மேசையிலிருந்து மேசைக்குப் போய்க் காணாமல் போயின என்பதற்குக் கணக்கே இல்லை.

எல்லாவற்றிலும் கொடுமை காலக்கெடு. தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதம். திணைக்களத்தில் முறைப்பாடு கிடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. "விசாரணைக்குக் கூப்பிடுவோம்" என்று அவர்கள் சொல்ல, நீங்கள் வீட்டில் காத்திருக்க, ஏழாவது மாதம் கதவு மூடிவிடும். ஐந்தாவது மாதம் பிறக்கும்போது பதில் எதுவும் வராவிட்டால் நேராகச் சபைக்குப் போங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் நீங்களே பேசலாம், தொழிற்சங்கத்தவரும் உங்களுக்காகப் பேசலாம்.

சேமலாப நிதியை நட்டத்துக்கு ஈடாகப் பிடிக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. ஐந்து வருடம் முடித்தவருக்கு வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை வேறு கதை. மோசடி, கையாடல், வேண்டுமென்ற சேதம், பொருளை இழக்கச் செய்தது என்று காரணம் காட்டி நீக்கினால் நட்டத்தின் அளவுக்கு அதில் வெட்டலாம். பழைய ஊழியர்களிடம் அந்த அரைத்தாள் ஏன் அவசரமாக நீட்டப்படுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

இதை வாசிக்கும் முதலாளிகளும் இருப்பீர்கள். பிழை நடந்த அன்றிரவு தாளை நீட்டாதீர்கள். இரண்டு நாள் கொடுத்து எழுத்தில் விளக்கம் கேளுங்கள், அவர் சொல்வதைக் கேட்டு, தேவையானால் எச்சரிக்கைக் கடிதம் கொடுங்கள். அப்புறம் விலையை ஏன் ஒரு பொடியன் கையால் அடிக்க விட்டீர்கள் என்று உங்களையும் கேளுங்கள். அந்தக் கடையில் அன்றைக்கு பார்கோட் மெஷின் பழுது. அதைத் திருத்தச் சொல்லி அவன் அனுப்பிய மூன்று வட்ஸ்அப் செய்திகள் என்னிடம் இருக்கின்றன.

அவை இப்போது தொழில் நியாய சபைக்கு அவன் கொடுத்த விண்ணப்பத்தோடு சேர்க்கப்பட்டிருக்கின்றன. முதல் தவணையில் கடை சார்பில் யாரும் வரவில்லை. அடுத்த தவணை இரண்டரை மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.