பதினைந்து நாள் கணக்கு

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வக்கீலான என் மேசைமேல் வைத்தார் ஒரு கட்சிக்காரரின் தாயார். பதினெட்டுத் தாள்கள். மகன் ரிமாண்ட் ஆன (கோர்ட் உத்தரவுப்படி காவலில் வைக்கப்பட்ட) நாளிலிருந்து எண்ணி வைத்திருக்கிறார். "பதினைந்து நாள் தாண்டினால் போலீஸ் கேட்க முடியாது என்று குமாஸ்தா சொன்னாரே சார், இன்றைக்கு மறுபடியும் கஸ்டடி மனு போட்டிருக்கிறார்களே?"

குமாஸ்தா பொய் சொல்லவில்லை. பழைய சட்டத்தைச் சொல்லிவிட்டார். ரிமாண்ட் ஆன முதல் 15 நாளுக்குள்தான் போலீஸ் காவல் (ஜெயிலில் இல்லாமல் போலீசிடம் வைத்து விசாரிப்பது) என்று 1992-இல் அனுபம் குல்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவு அதை மாற்றிவிட்டது. (அந்தப் பெயரை நாக்குப் பிறழாமல் சொல்லும் வக்கீல்கள் எங்கள் சங்கத்தில் குறைவு.) இப்போது அந்த 15 நாளைத் துண்டு துண்டாகவும் கேட்கலாம்; வழக்கின் தன்மையைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

இந்த ஆபத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் உள்துறை அமைச்சர் அமித் ஷா இந்தச் சட்டத்தின் மசோதாவைக் கொண்டுவந்ததும் அது நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார்கள். குழுவின் அறிக்கையே, இந்தப் பிரிவு தவறாகப் பயன்படக்கூடும் என்ற கவலையைக் குறிப்பிட்டுத் தெளிவான திருத்தம் கேட்டது. டிசம்பரில் மசோதா திரும்பப் பெறப்பட்டுப் புதிதாக வந்தபோதும் பிரிவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி அதே அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று அமளி செய்ததற்காக அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் 146 எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பாதி வெறிச்சோடிய எதிர்க்கட்சி வரிசைகளுக்கு முன்னால் டிசம்பர் 20, 21 தேதிகளில் சட்டம் நிறைவேறியது. மொத்தம் 15 நாள்தான், ஒரு நாளும் கூட்டவில்லை என்பது அரசின் பதில். கணக்கு சரிதான். ஆனால் அந்த 15 நாள் முடியும்வரை ஜாமீனை எதிர்க்கப் போலீசுக்கு ஒரு காரணம் கையில் இருக்கிறது என்பதுதான் குறை சொன்னவர்களின் வாதம். ரிமாண்ட் கோர்ட்டில் நிற்கும் எனக்கு அது வெறும் அரசியலாகத் தெரியவில்லை.

ஒரு பிடிமானம் உண்டு. முதல் 15 நாளுக்குப் பிறகும் போலீஸ் காவல் தேவைப்படலாம் என்பதை மட்டுமே காரணமாக்கி ஜாமீனை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 480-ஆவது பிரிவு சொல்கிறது. ஜாமீன் பெறத் தகுதியுள்ளவர், கோர்ட் தரும் உத்தரவுகளுக்குக் கட்டுப்படுவேன் என உறுதிமொழி தர வேண்டும். உங்கள் வக்கீல் மனுவில் இதை எழுதியிருக்கிறாரா என்று கேளுங்கள். போலீஸ் காவலில் இருந்த ஒவ்வொரு நாளையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

அந்தத் தாயார் குறித்து வைத்திருந்தார். நான்கு தாள்களின் ஓரத்தில் பென்சிலால் 'ஸ்டேஷன்' என்று எழுதியிருந்தது. புதிய மனுவில் கேட்டிருந்ததோ 12 நாள். கூட்டினால் 16. உத்தரவுகளின் தேதிகளோடு அதை எடுத்துச் சொன்னோம். மாஜிஸ்திரேட் மூன்று நாள் மட்டும் கொடுத்தார்.